அழகும் அவசியமும்

ராஜ்ய விவகாரங்களையும் வரவு செலவுத் திட்டங்களையும் ஆராய்வதற்கென்று உள்ள இந்தப் பத்தியில் பொதுக் கக்கூஸைப் பற்றி எழுதுவதா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். ஒரு நகரத்தின் நிர்வாக யோக்கியதையை அதன் மண்டபங்களில் நடக்கும் பிரசங்கங்களைக் கொண்டு அளப்பவர்கள் அளந்துகொள்ளலாம். எழுபது வயது முதியவர் ஒருவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, கடற்கரையில் இரண்டு மணி நேரம் காற்று வாங்கிவிட்டு, மானம் குலையாமல் வீடு திரும்ப முடிகிறதா என்று கேட்டு அளப்பதே நமது வழக்கம். அந்த அளவுகோலை இன்று இங்கிலாந்தின் கடற்கரைப் பட்டணங்களின்மீது வைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1841-ம் வருஷம் ரயில் போடப்பட்டது. 1871-ம் வருஷத்துச் சட்டம் பொது விடுமுறை நாட்களை ஏற்படுத்தியது. அதுவரை பிரபுக்கள் மட்டும் போய் வந்த கடலோரத்திற்கு ஆலைத் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் குடும்பம் குடும்பமாகச் செல்லத் தொடங்கினார்கள். வந்த ஜனங்களுக்காக நகரசபைகள் உலாவும் சாலைகளை அமைத்தன; வாத்திய மேடைகளையும் நிழற்கூரைகளையும் கட்டின; கூடவே கக்கூஸ்களையும் கட்டின. அக்கட்டடங்களில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து, கான்கிரீட் வெடித்து, கதவுக்குப் பலகை அறைந்து வருஷக்கணக்காக நிற்பவை உண்டு. இவற்றை இடித்துவிட்டுப் புதியவற்றைக் கட்டுவதா, பழுது பார்ப்பதா, விற்றுவிடுவதா என்பதே அவ்வூர்ச் சபைகளின் முன் அடிக்கடி வரும் கேள்வி.

கேள்வி எளியதுபோல் தோன்றும். ஆனால் அக்கடலோரங்களில் பல, புராதன எழிலை முன்னிட்டுச் சட்டப்படி அமைந்த பாதுகாப்பு வட்டாரங்கள். அங்கே ஒரு செங்கல்லைப் பெயர்ப்பதானாலும் ஆயிரம் யோசனை. எதிர் வீட்டார் காட்சி மறைகிறது என்பார்கள்; புராதனப் பிரியர்கள் கூரையின் சாய்வு பொருந்தவில்லை என்பார்கள்; பொக்கிஷ அதிகாரி பணமில்லை என்பார்; வியாபாரி ஒருவர் அந்த இடத்தில் சிற்றுண்டிச்சாலை வைத்தால் வாடகை வருமே என்பார். இந்த வாதங்களெல்லாம் முடிவதற்குள் எத்தனையோ கோடைகாலங்கள் வந்து போய்விடும். கதவோ பூட்டியபடியே இருக்கும்.

இந்நிலைக்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமல்ல. சட்டத்தின் அமைப்பே காரணம் என்பது நமது துணிபு.

முதலில் கட்டடத்தைக் காக்கும் சட்டத்தைப் பார்ப்போம். டங்கன் ஸாண்டிஸ் முன்னின்று கொண்டுவந்த 1967-ம் வருஷத்து மசோதா சட்டமாகி, பாதுகாப்பு வட்டாரம் என்ற ஏற்பாட்டை உண்டாக்கிற்று. இன்று இங்கிலாந்தில் சுமார் 10,000 வட்டாரங்கள் அப்படி இருக்கின்றன. இப்போது அமலில் இருக்கும் 1990-ம் வருஷத்துச் சட்டத்தின் 72-வது பிரிவு, அத்தகைய வட்டாரத்தில் எந்த அனுமதி கொடுப்பதானாலும் அதன் தன்மையையோ தோற்றத்தையோ காப்பதிலும் சிறப்பிப்பதிலும் விசேஷ கவனம் செலுத்தவேண்டும் என்று கட்டளையிடுகிறது. ‘செலுத்தவேண்டும்’ என்ற சொல்லைக் கவனிக்கவும். இதில் அதிகாரிக்கு விருப்பம் என்பதே இல்லை. தவறினால் கோர்ட்டு அனுமதியை ரத்து செய்துவிடும்.

இனி, அக்கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தக் காரியத்தைப் பற்றிய சட்டத்தைப் பார்ப்போம். 1875-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம், நகர அதிகாரிகள் கக்கூஸ்களை ஏற்படுத்தலாம் என்றது. அதன் வழிவந்த 1936-ம் வருஷத்துச் சட்டத்தின் 87-வது பிரிவும் ஏற்படுத்தலாம் என்றே சொல்கிறது. ‘ஏற்படுத்தலாம்’ என்றால் ஏற்படுத்தாமலும் இருக்கலாம். ஏற்படுத்தியதை மூடியும் விடலாம். ஏன் மூடினாய் என்று கேட்டு எந்தப் பிரஜையும் இந்தப் பிரிவைக் காட்டி வழக்காட முடியாது.

சுவர் காக்கப்படவேண்டும், சுவருக்குள் நடந்த உபகாரம் காக்கப்படலாம். ஒன்று கடமை, மற்றொன்று தயவு. கடமையும் தயவும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தால் எது தோற்கும் என்று சொல்ல வக்கீல் தேவையில்லை.

இந்தத் தயவுகூட எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1851-ம் வருஷத்து மகா கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற குழாய் வேலை நிபுணர் தண்ணீர்க் கக்கூஸ்களை அமைத்தார். 8,27,280 பேர் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்து அவற்றை உபயோகித்தனர். ஜனங்களுக்கு இது தேவையா என்ற சந்தேகம் அன்றே தீர்ந்துவிட்டது. ஆயினும் ஸ்திரீகளுக்குத் தேவையா என்ற சந்தேகம் மட்டும் வெகுகாலம் தீரவில்லை. நாடகாசிரியர் பெர்னார்டு ஷா, லண்டன் செயிண்ட் பாங்கிராஸ் பகுதியின் ஸ்தல சபையில் அங்கத்தினராக இருந்தபோது, ஸ்திரீகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டவேண்டுமென்று மன்றாடினார். கட்டப்போகும் இடத்தில் மரத்தால் ஒரு மாதிரி அமைத்து வைக்க, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நிரூபிப்பதற்காகவே வண்டிக்காரர்கள் அதன்மீது மோதினார்கள் என்பது அந்தக் காலத்துக் கதை.

சட்டப் புத்தகமும் இவ்விஷயத்தில் வண்டிக்காரர்களுக்கு அதிகம் சளைத்ததல்ல. 1936-ம் வருஷத்துச் சட்டம் கக்கூஸ்களுக்குக் கட்டணம் வாங்க அனுமதித்துவிட்டு, ஆண்கள் நின்று சிறுநீர் கழிக்கும் இடங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அதாவது, ஒரே தேவைக்கு ஆண் இலவசமாகப் போகலாம்; ஸ்திரீ காசு கொடுக்கவேண்டும். இந்தப் பேதம் 2008-ம் வருஷத்தில்தான் நீக்கப்பட்டது. சமத்துவத்தைப் பற்றி உலகத்துக்கு உபதேசம் செய்த தேசம், தன் கக்கூஸ் வாசலில் அதை அனுஷ்டிக்க 72 வருஷம் எடுத்துக்கொண்டது!

இனிப் பணத்தின் கதை. 2010-ம் வருஷத்திற்குப் பிறகு லண்டன் சர்க்கார் சிக்கன நோன்பு பூண்டு, ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தைப் பெருமளவு வெட்டிற்று. முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் சட்டக் கடமைகள். அவற்றை நிறுத்த முடியாது. நிறுத்தக்கூடியது எது என்று நகரசபைகள் ஜாபிதாவைப் புரட்டியபோது, ‘லாம்’ என்று முடியும் செலவுகள் ஒவ்வொன்றாகக் கத்திக்கு இரையாயின. கார்ன்வால் போன்ற பிரதேசங்களில் கக்கூஸ்களைச் சிற்றூர்ச் சபைகளின் தலையில் இறக்கிவைத்தார்கள். ஏற்க முடிந்த ஊர் ஏற்றது. முடியாத ஊர் பூட்டு வாங்கியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜனங்களின் உபகாரத்துக்காக நடத்தப்படும் கக்கூஸ்களுக்கும் வியாபாரக் கட்டடங்களைப்போலவே வரி போடப்பட்டு வந்தது. தனிக் கட்டடமாக உள்ள பொதுக் கக்கூஸ்களுக்கு அந்த வரியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்களிக்க 2021-ம் வருஷத்தில் பார்லிமெண்ட் ஒரு சட்டம் இயற்றியது. நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள் மூடியவை மூடியவையே.

இதனால் யாருக்கு நஷ்டம்? வாலிபர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். பணமுள்ளவர்கள் ஹோட்டலுக்குள் நுழைந்து ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக்கொள்வார்கள். கஷ்டப்படுகிறவர்கள் முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள், குடல் நோயாளிகள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், நாளெல்லாம் வீதியிலேயே வேலை செய்கிறவர்கள் ஆகியோர். இங்கிலாந்தின் ராயல் பொதுச் சுகாதாரச் சங்கம் 2019-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, போகுமிடத்தில் கக்கூஸ் இல்லையே என்ற கவலையால் ஐந்து பேரில் ஒருவர் விரும்பிய அளவு வெளியே செல்வதில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் இக்காரணத்தாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்களாம். தாகத்தை அடக்கிக்கொண்டு கடலழகைப் பார்க்கும்படி ஒருவரை வைப்பது எந்த எழிலைக் காப்பதாகும்?

புராதன அழகைக் காப்பவர்களை நாம் பரிகசிக்கவில்லை. தங்கள் முன்னோர் கட்டிய ஊரை வியாபாரிகள் கண்ணெதிரே இடித்துத் தள்ளுவதைக் கண்டு மனம் நொந்தே அவர்கள் இந்தச் சட்டத்தைப் பெற்றார்கள். அவர்களிடம் நாம் சொல்லுவது ஒன்றுதான்: அந்தக் கடலோரத்தின் ‘தன்மை’ எது? பொது ஜனங்கள் வந்து பொழுது போக்கும் இடம் என்பதல்லவா அதன் தன்மை? கொத்து வேலையும் கூரைச் சாய்வும் அதன் தோற்றம். சட்டம் இரண்டையும் சொல்கிறது. தோற்றத்தைக் காத்துத் தன்மையைத் துரத்தினால் பாதிச் சட்டத்தைத்தான் நிறைவேற்றியதாகும். மேலும், காப்பது என்றால் கெடுக்காமல் விடுவதும் காப்பதே என்று 1992-ம் வருஷத்திலேயே பிரபுக்கள் சபை ஸவுத் லேக்லண்ட் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகையால் புதிய கட்டடம் பழையதைவிட அழகாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. இடத்துக்குத் தீங்கு செய்யாமல் இருந்தால் போதும்.

அழகும் அவசியமும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியாதென்பதும் பொய். ஸ்காட்லாந்தில் பியூட் தீவின் ராத்ஸே துறைமுகத்தில், 1899-ம் வருஷத்தில் கட்டிய கக்கூஸ் ஒன்று இருக்கிறது. பளபளக்கும் ஓடுகளும், கண்ணாடிப் பக்கங்களையுடைய தண்ணீர்த் தொட்டிகளும் கொண்டது. பாழடைந்து கிடந்ததை 1994-ம் வருஷத்தில் புதுப்பித்தார்கள். ஆண்களுக்கென்றே கட்டிய அதில் அப்போது ஸ்திரீகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். அதைப் பார்ப்பதற்காகவே பிரயாணிகள் வருகிறார்கள். பார்த்த கையோடு உபயோகிக்கவும் செய்கிறார்கள். இதற்கு நேர்மாறான உதாரணம் லண்டன் ஃபோலி தெருவில் உண்டு. பூமிக்கடியிலிருந்த விக்டோரியா காலத்து ஆண்கள் கக்கூஸ் ஒன்று 2013-ம் வருஷத்தில் காப்பிக் கடையாக மாறியது. பழைய பீங்கான் தொட்டிகளை அலங்காரமாக நிறுத்தி, அவற்றுக்கு முன்னே பலகை போட்டுக் காப்பி கொடுத்தார்கள். பீங்கான் பிழைத்தது, வழிப்போக்கன் வேறு இடம் தேடவேண்டியதாயிற்று.

எனவே, இத்தகைய யோசனை எந்தக் கடலோரச் சபையின் முன் வந்தாலும் மூன்று விஷயங்களை வற்புறுத்துவது நியாயமாகும். முதலாவது, புதியதைக் கட்டுவதற்கு ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் பழையதை இடிக்கக் கூடாது. இது புதுமையான நிபந்தனையல்ல. ஜாபிதாவில் சேர்ந்த புராதனக் கட்டடங்களை இடிப்பதற்கு இதே நிபந்தனையை விதிக்கலாமென்று 1990-ம் வருஷத்துச் சட்டத்தின் 17-வது பிரிவே வழி சொல்கிறது. இடித்தபின் வெறும் மனை கிடக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதியை, ஜனங்கள் திண்டாடக் கூடாது என்பதற்காகவும் கைக்கொள்ளலாம். வேலை நடக்கும் மாதங்களுக்குத் தற்காலிக ஏற்பாடும் அதோடு சேரவேண்டும்.

இரண்டாவது, சிற்றுண்டிச்சாலை வருவதை எதிர்க்கவேண்டாம். அதன் வாடகை கக்கூஸைப் பராமரிக்க உதவுமானால் வரவேற்கவும் செய்யலாம். ஆனால் கக்கூஸின் வாசல் வீதியைப் பார்த்து இருக்கவேண்டும். கடைக்காரரின் தயவில் சாவி இருக்கக் கூடாது. கடை மூடினாலும் அது திறந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, பழைய அளவிலேயே திரும்பக் கட்டுவது போதாது. பிறர் துணையின்றி இயங்க முடியாதவர்களுக்கென்று, படுக்கைப் பலகையும் தூக்கும் கருவியும் கொண்ட 12 சதுர மீட்டர் அறையை, 2021-ம் வருஷத்திலிருந்து இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்கள் பலவற்றில் அமைக்கவேண்டுமென்று கட்டட விதி சொல்கிறது. கடற்கரைக் கக்கூஸ் சிறிய கட்டடமாக இருப்பதால் அந்த விதிக்குள் வராமல் போகலாம். விதி கேட்காவிட்டாலும் நியாயம் கேட்கிறது. அதற்காகக் கூரை ஓரடி உயர்ந்தால் அடிவானம் இடிந்து விழுந்துவிடாது.

இவை மூன்றும் ஸ்தல சபைகள் செய்யக்கூடியவை. மூல வியாதிக்கு மருந்து பார்லிமெண்டிடம்தான் இருக்கிறது. வேல்ஸில் 2017-ம் வருஷத்துச் சட்டம், ஒவ்வொரு ஸ்தல அதிகாரியும் தன் பிரதேசத்தின் கக்கூஸ் தேவையை ஆராய்ந்து திட்டம் தயாரித்து வெளியிடவேண்டும் என்று விதித்தது. அதுவும் காகிதத்தைத்தான் கட்டாயமாக்கியது, கட்டடத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஆயினும் முதற்படி அது. இங்கிலாந்து அந்தப் படியில்கூட இன்னும் கால் வைக்கவில்லை. 1936-ம் வருஷத்துச் சட்டத்தில் ‘லாம்’ என்ற இரண்டெழுத்தை எடுத்துவிட்டு ‘வேண்டும்’ என்று எழுதி, அதற்குரிய மானியத்தையும் கொடுத்தாலொழிய, ஒவ்வொரு கடலோரத்திலும் இதே வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். மானியம் கொடுக்காமல் கடமையை மட்டும் சுமத்துவதும் மோசமே. அது லண்டனில் புண்ணியத்தையும் கடற்கரை ஊரில் கடனையும் வைப்பதாகும்.

ஸ்தல சுயாட்சியில் அக்கறையுள்ள நம் நாட்டு ஊழியர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சட்டப் புத்தகத்தில் உரிமைகளைத் தேடுகிறவர்கள் பெரிய எழுத்துத் தலைப்புகளைப் படித்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. வாக்கியத்தின் கடைசிக்குப் போய், வினைமுற்று ‘லாம்’ என்று முடிகிறதா, ‘வேண்டும்’ என்று முடிகிறதா என்று பார்க்கவேண்டும். கஜானா நிறைந்திருக்கும் காலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கஜானா காலியாகும் அன்று, முதியவர் ஒருவர் பூட்டிய கதவின்முன் நின்று அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வார்.