பேர் போடுங்கப்பா!



நம் வகுப்பில் மினி டிராஃப்டரில் பேர் எழுதி வைத்த ஒருவனைப் பார்த்து, "இன்னாடா, எங்கள நம்ப மாட்டியா?" என்று கேட்டுச் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருவன். இன்-பிளான்ட் ட்ரெயினிங் போய் வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வருவதில்லை. காரணம் எட்டுக் கடிவாளங்கள்.

ஆம்பூர் என்றால் ஷூ. குதிரைச் சாமான் என்றால் கான்பூர். இது நாம் முதல் வருஷமே படித்தது. ஆனால் நான் பயிற்சிக்குப் போன சின்ன யூனிட்டுக்கு, ஒரு குதிரையேற்றப் பள்ளியிலிருந்து ரிப்பேருக்குச் சாமான் வந்து இறங்கியது. பள்ளியின் பொதுச் சாமான் இல்லை. அங்கே பழகும் எட்டுப் பேரின் சொந்தச் சாமான். சேணம், கடிவாளம், அங்கவடி வார், வயிற்று வார் எல்லாம் இருந்தன. ஒன்றில்கூடப் பேர் இல்லை.

கடிவாளம் என்பது ஒரே பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கழற்றினால் தலைவார் தனி, நெற்றிவார் தனி, மூக்குவார் தனி, கன்னவார் இரண்டு, லகான் வேறு. சோப்புப் போட்டுத் துடைத்து எண்ணெய் தடவ எட்டையும் கழற்றிப் போட்டோம். போட்டவர்கள் பயிற்சிக்குப் போன நாங்கள் மூன்று பேர்தான், ஒப்புக்கொள்கிறேன். மேஜை மேல் ஐம்பது துண்டுக்குப் பக்கம் கிடந்தது. எல்லாம் ஒரே பிரவுன். எது எந்தக் குதிரையுடையது? ஆளுக்கு ஆள் முகம் மாறுவது போலக் குதிரைக்கும் மாறும். ஒன்றுக்குச் சரியான கன்னவார் இன்னொன்றுக்கு நீளம். கடிவாளம் வாயில் தொங்கிவிடும். பக்கிள் தேய்ந்த ஓட்டையைப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்ப்பதிலேயே ஒரு நாள் போயிற்று.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மாலையில் கணக்குப் பார்த்தபோது ஒரு அங்கவடி வார் குறைந்தது. உடனே கேட்டில் பையைச் சோதித்தார்கள். யார் பையை? எங்கள் பையை இல்லை. கூட்டிப் பெருக்கும் அக்காவின் பையை! "தெறந்து காட்டு" என்றார்கள். அந்த அக்கா ஒன்றும் பேசாமல் திறந்தார். ஒரு சீப்பு, ஒரு துண்டு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸ் மூடியில் அவருடைய பேர் வெட்டியிருந்தது.

ரெண்டு நாள் கழித்து வார் கிடைத்தது. வேறொருவர் சேணத்தோடு சேர்ந்து கட்டப்பட்டு, டெலிவரி மூட்டைக்குள் இருந்தது. கட்டியவன் நானாகவும் இருக்கலாம். அந்த அக்காவிடம் யாரும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பேர் போடுவது அடுத்தவனை நம்பாததால் என்கிறோம். என் கருத்து நேர் எதிர். பேர் இல்லாத சாமான் காணாமல் போனால் முதலில் சந்தேகம் விழுவது யார் மேல்? வாய் பேச முடியாதவர் மேல். பெரும்பாலும் அது திருட்டாகவே இருக்காது, மாறிப் போயிருக்கும். மாறாமல் இருக்க ஒரு எழுத்து போதும். நம் வீட்டுச் சொம்பிலும் தாம்பாளத்திலும் பேர் வெட்டாத அம்மா உண்டா? கல்யாண வீட்டுக்கு இரவல் போன அண்டா சரியாகத் திரும்பி வருகிறதே, அது எப்படி? அம்மாவை யாராவது கஞ்சம் என்கிறோமா?

நம் தொழிலே குறியில்தான் ஆரம்பிக்கிறது. டேனரியில் பல பார்ட்டியின் தோல் ஒரே சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும். மையால் எழுதினால் சுண்ணாம்பிலும், உப்பு-ஆசிட்டிலும், குரோம் டிரம்மிலும் அது தாங்குமா? அதனால்தான் ஓரத்தில் துளை போட்டுக் குறி வைக்கிறார்கள். வெட் புளூ ஆகி நீலமாக வெளியே வந்தாலும் துளை அப்படியே இருக்கும்.

குதிரைச் சாமானுக்கும் நம்ம வட்டாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைப் புரட்சியை ஒடுக்க வந்த 19-ஆம் டிராகூன் குதிரைப்படை ஆற்காட்டிலிருந்துதான் கிளம்பியது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பெருமைக்குச் சொல்லவில்லை; நம் சிப்பாய்களைக் கொன்ற படை அது. ஆனால் அவசரத்தில் கிளம்பும் படையில் ஒவ்வொருவனும் தன் சேணத்தைத் தேடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசு தன் ராணுவச் சாமானில் அம்புக்குறி குத்தியது. குதிரையின் குளம்பில்கூட எண் சுட்டது.

சரி, எங்கே எப்படிக் குத்துவது? இதில் நாம் படித்த படிப்புக்கு வேலை இருக்கிறது. சேணத்தோலும் வார்த்தோலும் பெரும்பாலும் பட்டை பதம். ஆவாரம்பட்டை, கடுக்காய் வகையறாவில் பதப்பட்ட தோலை லேசாக ஈரமாக்கி எழுத்து அச்சை வைத்து ஒரு தட்டு தட்டினால், காய்ந்த பிறகும் பள்ளம் நிற்கும். குரோம் தோல் அப்படியில்லை, ஸ்பிரிங் மாதிரி எழும்பிவிடும். அதற்குச் சூடான அச்சும் ஃபாயிலும் வேண்டும். இடம் ரொம்ப முக்கியம். அங்கவடி வாரில் ஏறுபவரின் முழு எடையும் தொங்குகிறது. ஓட்டைக்குப் பக்கத்திலோ மடிப்பிலோ ஆழமாகக் குத்தினால் அங்கேயே வெடிக்கும். நுனியில், பக்கிளைத் தாண்டிய இடத்தில் குத்துங்கள். கடிவாளத்தில் ஒரு இடத்தில் குத்தினால் போதாது. ஒவ்வொரு துண்டிலும் உட்புறம் குத்த வேண்டும். நாங்கள் பட்ட பாடு போதும்! அங்கவடி இரும்பில் எழுத, பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரே போதும். சேணத்துக்கு அடியில் போடும் துணிக்கு நூலால் தைத்துவிடலாம். சலவைத் தொழிலாளர்கள் காலங்காலமாகக் குறி போட்ட சேராங்கொட்டை மையும் உண்டு, சுண்ணாம்பு சேர்ந்தால் கறுப்பு போகவே போகாது (கையில் பட்டால் புண்ணாகும், விளையாட வேண்டாம்). ஹெல்மெட்டின் ஓட்டில் மட்டும் தின்னர் கலந்த பெயின்டால் எழுதாதீர்கள், பிளாஸ்டிக்கை அது கெடுக்கலாம். உள் துணியில் லேபிள் தைத்தால் போதும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் இதே கதைதான்.

"பேர் குத்தினா ரீசேல் போகாது மச்சான்" என்று ஒரு நண்பன் சொன்னான். சேண விஷயத்தில் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சேணம் கைமாறும் பொருள். அதற்குப் பித்தளைத் தகடு இருக்கிறது. விற்கும்போது கழற்றிவிடலாம். ஓரத்து மடலுக்கு அடியில் சின்னதாக இரண்டு எழுத்து குத்தினாலும் வாங்குகிறவர் கண்ணுக்குப் படாது. "திருடுறவன் சுரண்டிடுவான்" என்றும் ஒருவன் சொன்னான். சுரண்டட்டுமே! சுரண்டிய இடமும் ஒரு குறிதான்.

நம்மில் எத்தனை பேர் குதிரை ஏறப் போகிறோம்? அநேகமாக யாரும் இல்லை. ஆனால் கத்தி, ஏப்ரன், டிராஃப்டர், கால்குலேட்டர் எல்லாரிடமும் இருக்கிறது. லேபில் ஒரு கத்தி குறைந்தால் லேப் அட்டெண்டர் அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாஸ்டலில் கால்குலேட்டர் காணோம் என்றால் எல்லார் கண்ணும் போவது ரூமிலேயே வசதி குறைந்த பையன் மேல். இது உங்களுக்கும் தெரியும்.

எனவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள்: இந்த வருஷ நிதியில் ஒரு செட் எழுத்து அச்சும் ஒரு சுத்தியலும் வாங்கிப் பேரவை அறையில் வையுங்கள். வாரம் ஒரு நாள் மதியம் நானே உட்கார்ந்து குத்தித் தருகிறேன், காசு வேண்டாம். சென்ற வருஷம் லெதர் கூட்ஸ் லேபிலிருந்து ஒரு அச்சு செட் பெட்டியோடு காணாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? பெட்டியில் பேர் இல்லை. யாரிடம் இருக்கிறதோ, ராத்திரி ஜன்னல் வழியாக வைத்துவிட்டுப் போங்கள். யார் பையையும் திறந்து பார்க்க மாட்டோம். முதல் குத்து அந்தப் பெட்டியில்தான்.