பொறுமை மருமகளுக்கு மட்டுமா கடமை?



ராயபுரத்தில் நோய் விசாரிக்கச் சென்ற ஒரு வீட்டில் நாம் கண்டது இது. துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்த பெரியவர் அவர். இன்று தேநீர்க் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடுகிறது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய். சிந்தியதைத் துடைத்தவர் மருமகள். "ஹஸ்ரத், அத்தாவுக்காக துஆ செய்யுங்கள்" என்று கைபேசியிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டவர் மகன்.

துஆ செய்தோம். மருமகளிடம், "சபூராக இரும்மா, அல்லாஹ் நற்கூலி தருவான்" என்றும் கூறி வந்தோம். தெருமுனைக்கு வந்தபோதுதான் உறைத்தது: சபூரை யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவரிடம் நாம் சொல்லவே இல்லை.

மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் வருவது இந்நோய். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விவரித்து எழுதினார். நடுக்கம் மட்டுமன்று, உடல் இறுகும், நடை குறுகும், குரல் தேயும், முகம் உணர்ச்சியற்றதுபோல் தோன்றும். இதை அறியாமல், "வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்" என்று பிள்ளைகள் எரிந்து விழுகின்றனர். சிலர் ஜின் தீண்டல் என்று தாயத்துத் தேடி அலைகின்றனர். நோயை இறக்கிய இறைவன் நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என நபி (ஸல்) அவர்களிடம் கற்ற சமுதாயமா இது? லெவோடோபா மாத்திரை நோயை வேரோடு போக்காது. ஆயினும் நேரம் தவறாமல் கொடுத்தால் அசைவு இலகுவாகும். அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. ரமலானிலும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. நோன்புக்கு இயலாதவருக்கு மார்க்கம் ஃபித்யாவை வைத்திருக்கிறது.

பெற்றோரிடம் சலிப்புச் சொல்லும் கூடாது என்ற இறைக்கட்டளை (17:23) பிள்ளைகளை நோக்கியது. மாமனாருக்குப் பணிவிடை செய்வது மருமகள்மீது மார்க்கம் சுமத்திய கடமையன்று. அவர் செய்வது உபகாரம். அந்த உபகாரத்தைக் கடமையாக்கிவிட்டு, மகனின் கடமையை துஆவாகச் சுருக்கிவிட்டோம். அவ்ரத்தைப் பேணுவது குறித்து மணிக்கணக்கில் பயான் கேட்கும் நாம், மாமனாரைக் குளிப்பாட்டி உடை மாற்றும் பொறுப்பை மருமகளிடம் விடுகிறோமே, இது தகுமா?

"எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஷிப்டு முடித்து அலுத்து வருகிறோம்" என்பர். உண்மைதான். ஆனால் அடுப்படியில் நின்றவருக்கு அலுப்பு இல்லையா? ஒரு வேளைக் குளியல், ஒரு வேளை மாத்திரை, இரவில் புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியவற்றையேனும் மகன் ஏற்கட்டும்.

ஜமாஅத்துக்கும் பங்குண்டு. குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலிக்கு 42 வயதில், 1984இல், இந்நோய் உறுதியானது. 1996இல் அட்லாண்டாவில் உலகமே பார்க்க, நடுங்கும் கையால் ஒலிம்பிக் தீபம் ஏற்றினார். நாமோ நடுங்கும் அத்தாவை ஜுமுஆவுக்கு அழைத்துவர வெட்கப்படுகிறோம். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழுவது நபிவழி காட்டிய சலுகை; ஸஃப்பின் ஓரத்தில் அவருக்கொரு நாற்காலி போடுவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் பட்டியலில் பார்க்கின்சனும் உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு உடன் செல்லவும், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும் மஹல்லா இளைஞர்கள் இருவர் போதாதா?

துஆ கேட்கும் மகனே! முதலில் அந்தக் குவளையை உன் கையில் வாங்கி அத்தாவுக்குப் புகட்டு. பிறகு சேர்ந்து கையேந்துவோம்.