குழாய்த் தண்ணீருக்கும் குறைந்த டெண்டரா?

இங்கிலாந்தில் நகரக் கவுன்சில்களுக்குச் சொந்தமான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லட்சக்கணக்கான உழைப்பாளிகள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். பத்து மாடி, இருபது மாடிக் கட்டடத்தில் தெருக்குழாயின் அழுத்தம் உச்சிவரை ஏறாது. அடித்தளத்தில் பம்பு, கூரையில் தொட்டி, அங்கிருந்து வீட்டுக்கு வீடு குழாய். எல்லோருக்கும் பொதுவான தண்ணீர். இந்தப் பம்பையும் தொட்டியையும் பராமரிக்கும் வேலையைக் கவுன்சில்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை டெண்டர் விடுகின்றன. கமிட்டி அறையில் ஐந்து நிமிடத்தில் நிறைவேறும் தீர்மானம் அது. பத்திரிகைக்காரர்கூட எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானமாவது மக்களின் உயிர்!

தேங்கிய, வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளர்கிறது. 1976ல் அமெரிக்காவில் பிலடெல்பியா ஓட்டலில் கூடிய முன்னாள் ராணுவத்தினர் பலர் மாண்டபோதுதான் உலகம் அதை அறிந்தது. குடிப்பதால் அல்ல, குளிக்கும்போது தெறிக்கும் நுண்துளியைச் சுவாசிப்பதால் நுரையீரலைத் தாக்குகிறது. வயோதிகர்களும் நோயாளிகளும்தான் முதல் பலி. 20 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு அதற்குச் சௌகரியம். ஆகவே குளிர்ந்த நீர் 20க்குக் கீழே இருக்க வேண்டும்; வெந்நீரை 60ல் சேமிக்க வேண்டும். ஆளில்லாத வீட்டுக் குழாயை வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். தொட்டியை ஆண்டுக்கொருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். விஞ்ஞான வித்தை ஒன்றுமில்லை, பொறுமையான வேலை. பொறுமைக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குக் கூலி வேண்டும்.

காண்டிராக்டர் கைவைப்பது அங்கேதான்.

டெண்டர் எப்படி முடிவாகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைக்கு 60 மார்க், தரத்துக்கு 40 மார்க் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி 100 ரூபாய் கேட்கிறது. விலையில் முழு 60ம் கிடைக்கிறது. இன்னொன்று 120 கேட்கிறது, அதற்கு 50. தரத்தில் முதல் கம்பெனிக்கு 28, இரண்டாவதற்கு 36. கூட்டினால் 88, 86. வேலை தெரிந்தவன் தோற்றான், விலை குறைத்தவன் ஜெயித்தான்! 2023ம் ஆண்டுக் கொள்முதல் சட்டம் 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்தபோது, மலிவான டெண்டர் அல்ல, அனுகூலமான டெண்டரே ஏற்கப்பட வேண்டும் என்றார்கள். நல்லது. ஆனால் அனுகூலத்தை அளக்கும் மார்க்கைப் பங்கிடுவது கவுன்சில்தானே? மேலிருந்து வரும் நிதி வெட்டப்பட்டுக் கஜானா காலியான கவுன்சில் எந்தப் பக்கம் மார்க்கைச் சாய்க்கும்?

விலையைக் குறைத்து வாங்கிய கம்பெனி லாபத்தை எங்கே தேடும்? பத்துக் கட்டடம் பார்த்த தொழிலாளியைப் பதினைந்து பார்க்கச் சொல்லும். குளிர்ந்த நீர்க் குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு வெப்பமானியை வைக்க வேண்டும் என்பது முறை. பதினைந்து கட்டடத்துக்கு ஓடுகிறவனுக்கு அந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வரும்? வேனில் உட்கார்ந்தே புத்தகத்தில் எண்ணை எழுதிவிட முடியும். குற்றம் அவன்மீதா, அவனை அப்படி ஓடவிட்டவர்மீதா?

இது கற்பனைப் பயம் என்பவர்கள் பாரோ நகரத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2002 ஆகஸ்டில் வட இங்கிலாந்தின் அந்தக் கப்பல் கட்டும் நகரில், கவுன்சிலுக்குச் சொந்தமான கலைமன்றத்தின் குளிர்சாதன யந்திரத்திலிருந்து இந்தக் கிருமி தெருவில் பரவியது. 7 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். காரணம் என்ன? பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது நீருக்கு மருந்திடும் வேலை அதில் இடம்பெறவில்லை. எழுதாத வேலையை எந்தக் காண்டிராக்டர் செய்வான்? கவுன்சில்மீது மனிதக்கொலைக் குற்றச்சாட்டே வந்தது. நீதிபதி அதைத் தள்ளினார். பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்காக 2006ல் 1,25,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் யார் பணம்? பிணங்களைச் சுமந்த அதே ஊராரின் வரிப்பணம்!

இந்த வேலையைக் கவுன்சிலின் சொந்தத் தொழிலாளிகளே செய்த காலம் உண்டு. லண்டனில் பாட்டர்ஸீ கவுன்சில் 1903ல் லாட்ச்மியர் குடியிருப்பைக் காண்டிராக்டர் இல்லாமல், தன் ஆட்களைக் கொண்டே கட்டி முடித்தது. பம்பாயில் பிறந்த தோழர் சக்லத்வாலாவைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியதும் அதே பாட்டர்ஸீ என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். தாட்சர் அம்மையாரின் சர்க்கார் 1980ல் ஒரு சட்டம் போட்டது: கவுன்சிலின் கட்டட, பராமரிப்புத் தொழிலாளிகள் தனியாரோடு டெண்டரில் போட்டியிட வேண்டும். தொழிற்கட்சி சர்க்கார் 1999ல் கட்டாயத்தை நீக்கியது. ஆனால் அதற்குள் பல ஊர்களில் கவுன்சிலின் பிளம்பர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். பணிமனை விற்ற பிறகு கட்டாயம் எதற்கு?

கவுன்சில் தொழிலாளி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அங்கும் சோம்பல் உண்டு, சிவப்பு நாடா உண்டு. ஆனால் தவறு நடந்தால் குடியிருப்போர் நேரே கவுன்சிலரின் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். கம்பெனி ஒப்பந்தமானால் கவுன்சில் கம்பெனியைக் காட்டும். கம்பெனி உப காண்டிராக்டரைக் காட்டும். அவன் ஒப்பந்தத்தின் ஷரத்தைக் காட்டுவான்.

குடியிருப்போரைக் கேட்கிறார்களா? வீட்டை நீண்ட குத்தகைக்கு வாங்கியவர்களைக் கேட்கச் சட்டம் உண்டு. 12 மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் ஒருவர் தலையில் ஆண்டுக்கு 100 பவுனுக்கு மேல் விழுந்தால், நோட்டீஸ் கொடுத்து 30 நாள் அவகாசம் தர வேண்டும். பெரிய பகிரங்க டெண்டரானாலோ, காண்டிராக்டர் பெயரை முன்மொழியும் உரிமை அவர்களுக்கு இல்லை. கருத்துச் சொல்லலாம், கவுன்சில் அதைக் கவனிக்கும். ஆக, பணம் கொடுப்பவன் கடிதம் எழுதலாம், தேர்ந்தெடுக்க முடியாது. வாடகைக்கு இருப்பவருக்கு இந்த நோட்டீஸ்கூடக் கிடையாது.

டெண்டர் விடுவதுதான் முடிவு என்றால், குடியிருப்போர் சங்கத்தின் பிரதிநிதி மார்க் போடும் மேஜையில் உட்காரட்டும். வெப்ப அளவுப் புத்தகம் கட்டடத்தின் வாசலிலேயே தொங்கட்டும். பாட்டிமாரும் புரட்டிப் பார்க்கட்டும். ஆளில்லாத மேல்மாடி வீட்டின் குழாயை வாரந்தோறும் திறந்துவிட வேண்டியவர் யார் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? கையெழுத்துப் போடும் முன் கவுன்சிலர்கள் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கட்டும்.