கொடியில் ஏறாத பெயர்

"டெரிட்டோரியல் ஆர்மிக்காரன் எந்தச் சண்டையில் ஜெயித்தான்? பேட்டில் ஹானர் எத்தனை வாங்கினான்?" என்று நம்ம சேரங்கோட்டில் சிலர் இளக்காரமாகக் கேட்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை.

பேட்டில் ஹானர் என்பது, ஒரு படை நன்றாகப் போரிட்ட களத்தின் பெயரை அதன் கொடியில் பொறிக்கும் மரியாதை. பெரிய மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அது மாறாத வேதம் அல்ல. 1799-ல் திப்பு வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணமும், 1803-ல் மராத்தியர் தோற்ற அசாயேயும் கம்பெனிக்காக நம் சிப்பாய்கள் வாங்கிய பெயர்கள். நம்மவரை நம்மவரே அடித்த அந்த வெற்றிகளைக் கொண்டாட வேண்டாம் என்று சுதந்திரத்துக்குப் பின் ராணுவமே முடிவு செய்தது. ஆனாலும் அசாயே யானை மெட்ராஸ் ரெஜிமெண்ட் சின்னத்தில் இன்றும் நிற்கிறது. வெலிங்டன் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

டெரிட்டோரியல் ஆர்மியை 1949 அக்டோபர் 9-ல் தொடங்கி வைத்தவர் ராஜாஜி. சொந்தத் தொழிலை வைத்துக்கொண்டே, நாடு கூப்பிட்டால் சீருடை போடுகிறவர்களின் படை அது. 1962, 1965, 1971 போர்களிலும் அவர்கள் இருந்தார்கள்.

அதையும் விடுங்கள். 2024 ஜூலை 30, மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததை மறந்துவிட்டோமா? முண்டக்கையும் சூரல்மலையும் நள்ளிரவில் மண்ணில் புதைந்தன. 250 பேருக்கு மேல் போய்விட்டார்கள். சாலியாறு உடல்களை நிலம்பூர் வரை இழுத்துப்போனது. நம்மைப் போலத் தேயிலையை நம்பிப் பிழைத்த சனங்கள். அங்கே முதலில் அனுப்பப்பட்ட ராணுவத்தினரில் 122-வது டெரிட்டோரியல் ஆர்மி பட்டாலியன்காரர்களும் உண்டு. அந்தப் பட்டாலியனின் கௌரவ லெப்டினன்ட் கர்னல் மோகன்லால் வந்த படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது, நல்லது. சேற்றில் இறங்கியவர்களின் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்?

"அது அவர்கள் கடமை, அதற்கு எதற்கு விருது?" என்பார்கள். போரிடுவதும் கடமைதானே ஐயா! அதற்கு மட்டும் ஏன் கொடியில் இடம்?

போர்க்களப் பெயர்களோடு இதைக் கலக்கச் சொல்லவில்லை. பேரிடரில் உயிர் காத்த இடங்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று வையுங்கள் என்கிறேன். அதில் சூரல்மலை என்று எழுதுங்கள். கம்பெனிக்காரன் ஜெயித்த ஊரின் யானை இருநூறு வருடம் தாண்டி நிற்கும்போது, நம் சனங்களைத் தோண்டி எடுத்த ஊருக்கு ஒரு வரி கூடவா கிடையாது?