பத்து மீட்டரில் ஆணென்ன, பெண்ணென்ன?

2024-ல் பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியபோது டெல்லியில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரே ஆரவாரம். என் பெண் மட்டும், "துப்பாக்கி சுடறதுக்கு எதுக்குப்பா லேடீஸ், ஜென்ட்ஸ்னு தனித்தனியா?" என்றாள். முழித்தேன்.

ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் 1968-ல் பெண்கள் ஆண்களோடு ஒரே போட்டியில்தான் இறங்கினார்கள். பெண்களுக்கென்று தனி பிஸ்டல் போட்டி வந்தது 1984-ல். அதனால் நிறையப் பெண்கள் பதக்கம் வாங்கினார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2016 ரியோவில்கூட, அதே பத்து மீட்டர், அதே இலக்கு, ஆணுக்கு 60 குண்டு, பெண்ணுக்கு 40! ஏனாம், கை வலிக்குமாமா? இருவருக்கும் 60 என்றானது 2018-ல்தான்.

இனி ஒரே வரிசையில் நிற்க வைக்கலாம் என்பது என் கட்சி. பெண்களின் பதக்கம் பாதியாகிவிடும் என்கிறாள் மனைவி. மகளோ ரேஞ்சில் சேர்த்துவிடச் சொல்கிறாள். ஃபீஸை நினைத்தால் எனக்குத்தான் கை நடுங்குகிறது.