பிழைத்த பிள்ளையையும் பின்தொடர வேண்டும்

இரண்டு மாதம் நிறைந்து ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், அதை வேகச் சுவாசமாகக் கொள்ள வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. இருமலும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் நியுமோனியா என்று சந்தேகிப்பது முறையானதே. ஆனால் காய்ச்சல் எதுவுமின்றி, மாதக் கணக்கில் மூச்சின் வேகம் தணியாத குழந்தைகளும் மிக அரிதாக இருக்கிறார்கள்.

ஐக்கிய அமெரிக்காவின் வைத்தியர் றொபின் டெற்றேடிங்கும் அவரது சகாக்களும் 2005ஆம் ஆண்டில் அத்தகைய 15 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். நுண்காட்டியில் பார்த்தபோது இப்பிள்ளைகளின் நுரையீரல் இழையம் ஏறக்குறைய இயல்பாகவே தோன்றியது. பொம்பெசின் என்ற பதார்த்தத்தை இனங்காட்டும் விசேட சாயமிட்ட பின்னரே, சிறு சுவாசக் குழாய்களில் நரம்புச்சுரப்பிக் கலங்கள் மிகுந்திருப்பது தெரிந்தது. சிசுப்பருவ நரம்புச்சுரப்பிக் கலப் பெருக்கம் என்று இந்நோய் பெயர் பெற்றது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நெஹி' என்று சுருக்கமாக அழைப்பர்.

பெயர் சூட்டுவதால் மட்டும் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். பயன் பெரிது. குழந்தைகளின் நுரையீரல் இடைத்திசு நோய்கள் எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல. சர்பக்டன்ட் புரதம் 'பி' பிறப்பிலேயே இல்லாத குழந்தை, நுரையீரல் மாற்றுச் சிகிச்சை கிடைக்காவிட்டால், பெரும்பாலும் சில மாதங்களுக்குள் இறந்துவிடும். நெஹி அப்படியானதன்று. 2005இல் விவரிக்கப்பட்ட பிள்ளைகளில் எவரும் இறக்கவில்லை. ஸ்டீரொயிட் மருந்துகள் இந்நோய்க்குப் பொதுவாகப் பலன் தருவதில்லை. தேவையானவை ஒட்சிசனும், எடை குறையாமல் காக்கும் போஷாக்கும், பொறுமையுமே. நோயின் பெயர் தெரிந்தால், பயனற்ற மருந்தின் பக்கவிளைவுகளிலிருந்து குழந்தை தப்பும். சி.ரி. ஸ்கான் படத்தில் வலது நடு மடல் முதலிய இடங்களில் தெரியும் குறிப்பிட்ட மங்கல் அமைப்பைக் கொண்டே பல சந்தர்ப்பங்களில் நோயை இனங்காண முடிவதால், சத்திரசிகிச்சை மூலம் இழையம் எடுக்கும் அவசியமும் குறைந்துள்ளது.

இவ்வளவும் நல்ல செய்திதான். எனினும் "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற ஒரு வாக்கியத்தோடு பெற்றோரை அனுப்பிவிடுவது போதாது என்பதே என் கருத்து. அவ்வாக்கியம் பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. பெரும்பாலான பிள்ளைகள் சில ஆண்டுகளில் ஒட்சிசன் உதவியிலிருந்து விடுபடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு ஓடியாடும்போது இளைப்பு தொடர்கிறது. வேறு சிலருக்கு ஆஸ்துமா போன்ற தொல்லைகள் எஞ்சுகின்றன. சுவாசப் பரிசோதனையில் காற்று உள்ளே தேங்கி நிற்பதும் காணப்பட்டுள்ளது. 2005இன் அந்தப் பிள்ளைகளும் அப்போது 15 பேர் மட்டுமே. ஒரு நாட்டின் அனுபவத்தை மாத்திரம் வைத்து இத்தகைய நோயின் முழு வாழ்நாளையும் கணித்துவிட முடியாது.

அந்தப் பிள்ளைகள் இன்று வாலிப வயதை எட்டிவிட்டார்கள். ஐம்பது வயதில் அவர்களது நுரையீரல் எப்படியிருக்கும் என்பதற்கு இந்நோய்க்கு இன்னும் சரித்திரமே இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் இவர்களே. ஆனால் பதினெட்டு வயதானதும் சிறுபிள்ளை வைத்தியரின் கோப்பு மூடப்படுகிறது. புதிய வைத்தியரோ இந்நோயின் பெயரைக் கேள்விப்படாதவராக இருக்கலாம். இளைஞனும் தனது குழந்தைப் பருவ நோயை நினைவில் வைத்திருப்பதில்லை. சரித்திரம் அறுந்துபோவது இந்த இடத்தில்தான்.

ஆகவே அரிய நோய்களுக்கான பதிவேடுகள் குழந்தைப் பருவத்தோடு நின்றுவிடாமல் முதுமை வரை நீள வேண்டும். அரசுகளும் ஆய்வு நிதி வழங்குவோரும் இதைச் செலவாகக் கருதலாகாது. பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்கான் படங்களையும் வைத்திய அறிக்கைகளையும் பத்திரப்படுத்தி, பிள்ளை வளர்ந்ததும் அவன் கையில் கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழை அப்படித்தானே காத்து வைக்கிறோம்?