லட்சத்தைப் பாதியாக்கும் வாசகம்

"சென்னையில் ஒரு லட்சமும் ராஜபாளையத்தில் ஐம்பதாயிரமும் ஒண்ணுதான்." 2020 ஊரடங்கில் மடிக்கணினியும் கையுமாக ஊர் திரும்பியவர்களைத் தேற்றக் கிளம்பிய வாசகம் இது. ஊரடங்கு போய்விட்டது, வாசகம் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சில், வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரியின் குரலில், விடியற்காலை வாட்ஸ்அப்பில் என்று அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள் என்றால்தான் சொன்னவர்களுக்கு அவசர வேலை வந்துவிடுகிறது.

முதல் ஆதாரமாக வீட்டு வாடகையைச் சொல்வார்கள். வாடகை குறைவுதான், யார் இல்லை என்றது? அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தச் சம்பளத்தையும் பாதியாக அறுப்பதுதான் வேடிக்கை. அதிலும் இந்தப் பக்கம் ஒத்தி என்று ஒரு வழக்கம் உண்டு. ஐந்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வங்கியில் 7 சதவீத வட்டிக்குக் கிடந்தால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் தரக்கூடிய பணம் அது. ஆக, இலவசமாகத் தெரியும் வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 3,000 ரூபாய் வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஊர்களை ஒப்பிடும் இணையக் கணக்குகளில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. அவற்றில் பேர்பெற்ற நம்பியோ (Numbeo) இணையதளம், நியூயார்க்கை 100 என்று வைத்துக்கொண்டு, கப்புச்சினோ, மார்ல்பரோ சிகரெட் விலையெல்லாம் கேட்டு ஊர்களை அளக்கிறது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் நின்று மார்ல்பரோ விலை விசாரிப்பவரைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

அடுத்தது, சாப்பாட்டுச் செலவு சல்லிசு என்பது. சீசனில் சப்பட்டை மாம்பழம் விலை குறையும். விருதுநகர் மொத்த மார்க்கெட் பக்கத்தில் இருப்பதால் பருப்பு விலை கொஞ்சம் இறங்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். மூன்று வேளையும் அதையே சாப்பிடும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

மற்றதெல்லாம்? மின்கட்டணம் மாநிலம் முழுக்க ஒரே அட்டவணை, இலவச யூனிட்டுகள் உட்பட. சோப்பு, பிஸ்கட், மாத்திரை அட்டையில் அச்சடித்த விலைக்கு ஊர் தெரியாது. செல்போன் ரீசார்ஜுக்கும் கடன் தவணைக்கும் தெரியாது. பெட்ரோல் சென்னையைவிட இங்கே சற்றுக் கூடுதல்.

ஊர் ஊராக ஆளை மாற்றிப் பழக்கப்பட்ட ஒரு முதலாளி உண்டு. அவரிடம் கேட்டிருந்தால் இந்த வாசகம் என்றோ செத்திருக்கும். அந்த முதலாளி மத்திய அரசு. சென்னை அண்ணா சாலை அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவருக்கும் ராஜபாளையம் அஞ்சலகத்தில் அதே பதவியில் இருப்பவருக்கும் ஒரே சம்பள அட்டவணை. அகவிலைப்படியும் நாடு முழுக்க ஒரே விகிதம். ஊர் வித்தியாசத்துக்கென்று மாறுபவை முக்கியமாக இரண்டு: வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி. 50 லட்சம் மக்களும் அதற்கு மேலும் உள்ள நகரம் எக்ஸ் பிரிவு, 5 லட்சத்துக்குக் கீழே என்றால் இசட், நடுவில் ஒய். சென்னை எக்ஸ், 2011 கணக்கெடுப்பில் 1.30 லட்சம் பேர் இருந்த ராஜபாளையம் இசட். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் வாடகைப்படி எக்ஸ் நகரத்துக்கு 30, இசட் ஊருக்கு 10 சதவீதம் ஆனது.

அன்றைய கணக்கில் அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் வாங்கிய ஊழியரை எடுத்துக்கொள்வோம். அகவிலைப்படி சேர்த்து 75,000. எந்த ஊரானாலும் அதுதான். வாடகைப்படி சென்னையில் 15,000, ராஜபாளையத்தில் 5,000. போக்குவரத்துப்படி அங்கே 5,400, இங்கே 2,700. கூட்டினால் அங்கே 95,400, இங்கே 82,700. நூற்றுக்குப் பதின்மூன்று ரூபாய் வித்தியாசம். பாதிச் சம்பளத்தில் ஆள் பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்திருந்தால், நிதி அமைச்சகம் அதை விட்டுவைத்திருக்குமா?

ஊர் திரும்பினால் கூடும் செலவுகளோ வாசகக்காரர் கண்ணில் படுவதே இல்லை. பெரிய வைத்தியம் என்றால் மதுரை: கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி 80 கிலோமீட்டருக்கு மேல், துணைக்கு ஓர் ஆளோடு.

அப்புறம் மொய். சென்னையில் இருப்பவருக்கு "லீவு கிடைக்கல மாமா" என்ற ஒரு வரி போதும். உள்ளூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. மண்டப வாசலில் மேசை போட்டு ஒருவர் பணத்தை எண்ணுவார், இன்னொருவர் ஊர், பேர், தொகை என்று நோட்டில் ஏற்றுவார். அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு வரும்போது அந்த நோட்டு பீரோவிலிருந்து இறங்கும். ஐந்நூறு எழுதியவர் வீட்டுக்கு முந்நூறோடு போய் நிற்க முடியாது. வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்தத்தில் மூன்று பத்திரிகை. காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு தனி. செய்த மொய் திரும்பி வரும் என்பார்கள். வரும்தான், பிள்ளைக்குக் கல்யாண வயது ஆனபிறகு.

கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீடு என்றால் இன்னும் மோசம். ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள். மென்பொருள் சோதிக்கும் பெண்ணுக்கு இங்கே எங்கே வேலை? ஒரு சம்பளமே நின்றுபோன வீட்டில் கத்தரிக்காய் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைந்து என்ன ஆகப்போகிறது? கிளம்புமுன் மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து, ஊர் மாறினால் எந்தெந்த வரி மாறும் என்று பென்சிலால் குறித்துப் பார்ப்பவர் இந்த வாசகத்தைத் தேட மாட்டார்.

இதைப் பரப்புவதால் யாருக்கு லாபம் என்பது ரகசியமில்லை. 2020 மே மாதம் ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க், செலவு குறைந்த ஊருக்குப் போகிறவர்களின் சம்பளம் அந்த ஊருக்கேற்பத் திருத்தப்படும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு கூகுள், அமெரிக்காவில் வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்புவோருக்கு எவ்வளவு குறையும் என்று காட்டும் கணக்குக் கருவியையே கொடுத்தது. ராய்ட்டர்ஸ் செய்தியில் வந்த உதாரணங்களில் வெட்டு 25 சதவீதம் வரை போனது. அவர்களே கால்வாசியோடு கத்தியை வைத்துவிட்டார்கள்; நம்மூர் தாராளமனசுக்காரர்கள்தான் பாதிவரை போகிறார்கள். ராஜபாளையத்தில் 25,000 வாங்குபவர், சென்னைக்கு மாற்றல் வரும்போது இதே வாசகத்தைச் சொல்லி 50,000 கேட்டுப் பார்க்கட்டும். கம்பெனி பாலிசியில் அதற்கு இடமில்லை என்ற பதில் தயாராக இருக்கும்.